மவுஸை என் கையிலேயே விடுங்கள்



போன மாதம் நான் போட்ட இரண்டு பதிவுகளில் எழுத்துப் பிழை நிறைய இருந்தது. "ஒரு புள்ளி விட்டாலும் அரை மார்க் குறைப்பீங்களே டீச்சர், இப்ப உங்களுக்கு எத்தனை மார்க் போடலாம்?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். இன்னொருவன் ஒன்றும் எழுதவில்லை, ஏழு ஸ்மைலி மட்டும் போட்டிருந்தான். நியாயம்தான். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். பெல் அடிக்காத வகுப்பு என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

என் லேப்டாப்பில் விண்டோஸ் போய் லினக்ஸ் வந்திருக்கிறது.

மூத்தவன் 2016இல் வாங்கிக் கொடுத்த லேப்டாப் அது. விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கான ஆதரவு முடிகிறது என்று திரையில் அறிவிப்பு வந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸரும் புதிய தலைமுறையாக இருக்க வேண்டும். என் லேப்டாப் அந்தப் பட்டியலில் இல்லை. பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தான். "தூக்கிப் போடும்மா, தீபாவளிக்கு வரும்போது புதுசு வாங்கிட்டு வர்றேன். எல்லாத்தையும் நானே செட் பண்ணித் தர்றேன்."

அவன் பாசத்தில் சொன்னான். ஆனால் அந்த "நானே செட் பண்ணித் தர்றேன்" என்பது என்னைக் குத்தியது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் என்பது அவர் வேலையாக இருந்தது. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லுவேன், அவர் அடிப்பார். நான் அடிக்க முயன்றால் "நகரு, நான் போட்டுத் தர்றேன், ஒரு நிமிஷம்" என்பார். உண்மையிலேயே ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு வாரம், குடும்ப ஓய்வூதியத்துக்காக அவருடைய பணிப்பதிவு நகல் ஒன்று தேவைப்பட்டது. அது லேப்டாப்பில்தான் இருந்தது. எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த நான், என் வீட்டு மேஜையில் இருந்த ஒரு தாளைத் தேடி எடுக்கத் தெரியாமல் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுப் பையன் வந்து ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தான். அவனும் எப்படி எடுத்தான் என்று சொல்லவில்லை.

ஆகவே இந்த முறை யாரும் எனக்குச் "செட் பண்ணித்" தரக் கூடாது என்று முடிவு செய்தேன்.

நம் பள்ளியில் படித்த ஒருவன் டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பெயர் போடாதே என்று சொல்லியிருக்கிறான், போடவில்லை. அவன்தான் லினக்ஸ் மின்ட் போடலாம் என்றான். வீட்டுக்கு வந்தவனிடம் ஒரே நிபந்தனை போட்டேன். நாற்காலியில் நான்தான் உட்காருவேன், நீ பின்னால் நிற்க வேண்டும், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அவன் சிரித்தான். மூன்றாம் வகுப்பில் பேசிக்கொண்டிருந்ததற்காக நான் அவனை அப்படி நிறுத்தியிருக்கிறேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. அவனுக்கு இருக்கிறது.

அவன் செய்திருந்தால் முக்கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். நான் செய்து முடிக்க மூன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை காபி போட்டேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன என்று யாரும் எனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. நானே புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அது பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் மாதிரி. அவர் பாடம் நடத்துவதில்லை. எந்த வகுப்புக்கு எந்த அறை, யார் எப்போது மைதானத்துக்குப் போகலாம், பீரோ சாவி யாரிடம் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்கிறார். அவர் மாறினால் அதே கட்டிடம், அதே பிள்ளைகள்தான், ஆனால் முதல் வாரம் எல்லோரும் தடுமாறுவார்கள்.

லினக்ஸை 1991இல் வெளியிட்டவர் லினஸ் டோர்வால்ட்ஸ். ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த மாணவர், அப்போது வயது 21. அதற்கு முன்பே, 1983இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் க்னூ என்ற திட்டத்தை அறிவித்திருந்தார். யாரும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பது அதன் கொள்கை. இரண்டும் சேர்ந்துதான் இன்றைக்கு நாம் லினக்ஸ் என்று சொல்வது. அதில் பல வகை உண்டு, மின்ட் ஒன்று, உபுண்டு ஒன்று. காசு கிடையாது.

இதைவிட எனக்குத் தைரியம் கொடுத்தது அவன் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம். "டீச்சர், உங்க கையில இருக்குற ஆண்ட்ராய்டு போனுக்கு உள்ளேயும் லினக்ஸ்தான்." பார்த்தீர்களா! பத்து வருஷமாக நான் அதைத்தான் தடவிக்கொண்டிருக்கிறேன். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் மனப்பாடம் ஆன சூத்திரம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துப் போக வேண்டும் என்பது. நீங்கள் உங்கள் அம்மா அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கும்போது எங்கிருந்து ஆரம்பிக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். "முதல்ல பிரவுசரை ஓப்பன் பண்ணி கேச்சை கிளியர் பண்ணும்மா" என்கிறீர்கள். பிரவுசர் எது, கேச் எது என்று கேட்டால் "குடு, நான் பண்றேன்" என்று பிடுங்கிக்கொள்கிறீர்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். லினக்ஸில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்து, லேப்டாப்பில் இருக்கும் எதையும் தொடாமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் பென் டிரைவை உருவிவிட்டால் பழையபடி விண்டோஸ் வரும். வை-ஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, திரை வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று அப்படியே சோதித்துக்கொள்ளலாம். நான் ஒரு வாரம் அப்படித்தான் ஓட்டினேன். கொஞ்சம் மந்தமாக இருக்கும், பரவாயில்லை. பயம் போவதற்கு அந்த ஒரு வாரம் தேவைப்பட்டது.

பிறகு பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, எஸ்எஸ்டி என்ற புதிய வகை டிஸ்க் வாங்கிப் போட்டு, அதில் லினக்ஸைப் பதித்தோம். லேப்டாப் இப்போது பறக்கிறது. அதில் பெரும்பங்கு எஸ்எஸ்டிக்குத்தான், லினக்ஸுக்கு முழுப் புகழும் கொடுக்க முடியாது. பழைய டிஸ்க், அவருடைய போட்டோக்களோடு, பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். போட்டோக்களை வேறொரு டிஸ்கிலும் நகல் எடுத்தாயிற்று. யார் எதை மாற்றினாலும் முதலில் இதைச் செய்யுங்கள்.

முதல் வாரத்தில் நான் பட்ட பாட்டைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். சிலதை இங்கே சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

டி டிரைவைக் காணோம். சி டிரைவும் இல்லை. அரை நாள் தேடினேன். லினக்ஸில் அந்தப் பிரிவே கிடையாது, எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள் மாதிரி. நமக்கென்று ஹோம் என்று ஒரு அறை, அதற்குள் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் என்று அலமாரிகள். இது புரிந்ததும் எனக்கு விண்டோஸைவிட இது சுலபமாகப் பட்டது.

டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன், எழுத்து ஒன்றும் தெரியவில்லை. வெறும் நட்சத்திரக் குறிதான் வந்தது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து ஆறேழு தடவை ஓங்கி ஓங்கி அடித்தேன். அங்கே பாஸ்வேர்டு அடித்தால் எழுத்து வெளியே தெரியாதாம், அடித்துவிட்டு எண்டர் தட்டினால் போதுமாம். தெரிந்தவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. தெரியாதவளுக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று. (அந்தக் கறுப்புத் திரை இல்லாமலே அன்றாட வேலை எல்லாம் நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்தான் ஆர்வக்கோளாறில் திறந்தேன்.)

பென்ஷன் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கி ஒரு ஃபோல்டர், சின்ன எழுத்தில் தொடங்கி இன்னொன்று, இரண்டையும் நானே உண்டாக்கியிருக்கிறேன். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். தொலைந்துபோன தாள் ஒன்றை இரண்டு நாள் தேடி, கடைசியில் "தங்கச்சி" ஃபோல்டருக்குள் கண்டுபிடித்தேன்.

கடைசியாகத் தட்டச்சு. விண்டோஸில் ஆங்கில எழுத்தில் அம்மா என்று ஒலிப்படி அடித்தால் தமிழில் விழும். அந்த முறை லினக்ஸிலும் இருக்கிறது என்று அவன் சொன்னான். நான்தான் கேட்கவில்லை. புதுசு படிப்பதுதான் படிக்கிறோம், தமிழ்99 முறையையும் சேர்த்தே படித்துவிடுவோம் என்று கிளம்பினேன். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. இடது கைப் பக்கம் உயிரெழுத்து, வலது கைப் பக்கம் மெய். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டினால் அம்மா வந்துவிடும், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். அழகான அமைப்பு. ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு புதியவற்றைப் படிக்கக் கூடாது என்று முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொன்னவள் அதையே செய்தேன். நீங்கள் பார்த்த எழுத்துப் பிழைகளின் ரிஷிமூலம் இதுதான்.

என்னுடைய பழைய வினாத்தாள்கள் திறந்தால் கொக்கி கொக்கியாகத் தெரிந்தன. அவை கெட்டுப்போகவில்லை. யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை, அந்த எழுத்துரு புதிய சிஸ்டத்தில் இல்லை, அவ்வளவுதான். எழுத்துருவை நகல் எடுத்துப் போட்டதும் தமிழ் வந்துவிட்டது. வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ். மெனு கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது, மற்றபடி சிரமமில்லை. பேங்க் வேலை, வாட்ஸ்அப் எல்லாம் பிரவுசரில் முன்பு போலத்தான்.

எல்லோரும் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று பிரசாரம் செய்ய நான் இதை எழுதவில்லை. விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளை நம்பிக் கடை நடத்துகிறவர்கள் கடையை மூடிவிட்டு லினக்ஸ் படிக்க வேண்டாம். என் பேச்சு எந்த சிஸ்டம் என்பதைப் பற்றியது இல்லை, யார் கை மவுஸில் இருக்கிறது என்பதைப் பற்றியது.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி, முதலில் என்னைப் பற்றி.

தொண்ணூறுகளில் என்னிடம் படித்த ஒரு பெண். கடன் வாங்கிக் கழித்தல் அவளுக்கு வரவே வராது. பக்கத்து இடத்திலிருந்து பத்தை வாங்குவாள், வாங்கியதை மறந்துவிடுவாள். நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் இருந்த வகுப்பு. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் நோட்டு முடிந்திருக்க வேண்டும். நான் அவள் நோட்டை வாங்கி, பென்சிலால் நானே போட்டு, அதன் மேல் அவளை எழுதச் சொல்லுவேன். நோட்டு அழகாக இருந்தது. ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டாள்.

போன வருஷம் வங்கியில் அவளைப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகள், மூத்தது கல்லூரியில். கையில் பணம் எடுக்கிற சீட்டு. என்னைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். "டீச்சர், நல்ல நேரத்துல வந்தீங்க. இதை நீங்களே எழுதிக் குடுத்துருங்க. சின்னப் பிள்ளையிலயும் நீங்கதானே எனக்கு எல்லாம் போட்டுக் குடுப்பீங்க" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள், துளி குத்தல் இல்லை. எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவளுக்கு நான் செய்ததைத்தான் எனக்கு என் வீட்டுக்காரர் செய்தார். அதையே இப்போது நீங்கள் உங்கள் பெற்றோருக்குச் செய்கிறீர்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. நேரம் இல்லை, பொறுமை இல்லை, நாம் செய்தால் சீக்கிரம் முடியும்.

இன்னொன்றும் இருக்கிறது, பயம். "எதையாவது அமுக்கினா கெட்டுப்போயிரும்" என்று உங்கள் அம்மா சொல்கிறார்கள் இல்லையா, அதை விதைத்தவர்களில் நானும் ஒருத்தி. நம் பள்ளிக்கு முதன்முதலில் கம்ப்யூட்டர் வந்தபோது எப்படி வைத்திருந்தோம்? பூப்போட்ட உறை, பூட்டிய அறை, செருப்பு வெளியே, சாவி தலைமையாசிரியர் மேஜையில். ஜன்னல் வழியாகப் பார்த்தீர்கள். அதே பள்ளியில் பிற்பாடு, 2007 வாக்கில், செயல்வழிக் கற்றல் வந்தபோது பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை அடித்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு பகுதி, எழுதி அழிக்கலாம். கரும்பலகையைக் கீழே இறக்கினோம், கம்ப்யூட்டர் சாவியைக் கீழே இறக்கவில்லை.

2011இல் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது, உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். சென்னை சிடாக் உருவாக்கியது. என் அண்ணன் மகள் அதை ஒரு தடவை தப்பாக அமுக்கித் திறந்துவிட்டு, லேப்டாப் கெட்டுவிட்டது என்று அழுதாள். பக்கத்தில் கேரளத்தில் பள்ளிகள் முழுக்க லினக்ஸில்தான் பாடம். அங்கே ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள். இங்கே பெட்டியைக் கொடுத்தோம். பெட்டி கொடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன், எத்தனையோ வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் அது. பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இருந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

உண்மையில் எதை அமுக்கினால் கெடும்? டிஸ்கை அழிக்கவா என்று கேட்கும்போது சரி என்று சொன்னால் போச்சு. நகல் எடுக்காத போட்டோவை அழித்தால் போச்சு. ஓடிபியை யாரிடமாவது சொன்னால் பணம் போச்சு. இவற்றை அழுத்திச் சொல்லிக் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் அமுக்கிப் பார்க்க விடுங்கள். மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்று ஒன்று இருக்கிறது. முதல் நாளே அதை ஓடவிட்டால் சிஸ்டத்தின் நிலையைப் பதிந்து வைத்துக்கொள்ளும். பிற்பாடு எதையாவது குளறுபடி செய்தால் அந்த நாளுக்குத் திருப்பிக்கொள்ளலாம். நான் இரண்டு தடவை திருப்பியிருக்கிறேன்.

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும், எப்படிப் படித்தேன் என்று தெரியாது. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்த காலம், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிளும் படிக்க வேண்டும் என்று ஊர் ஊராக நடந்தது. கல் உடைக்கிற பெண்கள், நர்ஸ், ஆயா, டீச்சர் என்று ஆயிரக்கணக்கில் ஏறினோம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த சைக்கிளில் ஏறியவர்கள் ஏராளம், நானும் அதில்தான். எனக்குக் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவன் என் வகுப்பில் ஐந்தாவது படித்த பையன். "பிடிச்சிருக்கேன் டீச்சர், பிடிச்சிருக்கேன்" என்று கத்திக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் சொல்லாமல் கையை விட்டுவிட்டான். கண்மாய்க் கரை வரைக்கும் போய்த்தான் அது எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் விழுந்தேன், முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அவன் இப்போது துபாயில் இருக்கிறான், இதைப் படிப்பான். கோபம் இல்லையடா.

அதனால் உங்களிடம் கேட்பது, ஊருக்கு வரும்போது அம்மா பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். அவர்கள் தப்பான இடத்தில் அமுக்கப் போகும்போது உங்கள் கை துடிக்கும், எனக்குத் தெரியும், வகுப்பில் எனக்கும் துடிக்கும். விடுங்கள், அமுக்கட்டும். என்ன ஆனது என்று அவர்களே பார்க்கட்டும். செய்ததை அவர்கள் கையெழுத்தில், அவர்கள் வார்த்தையில் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். "நீல நிறப் பெட்டி, அதுல மூணாவது" என்று எழுதினாலும் சரி, அது அவர்களுக்குப் புரியும். "இந்த வயசுல அம்மாவுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம், இங்கிருந்தே நான் ரிமோட்ல பண்ணிக் குடுத்துடறேனே" என்று சிலர் எழுதுவீர்கள். செய்து கொடுங்கள், அவசரத்துக்குச் செய்யத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் மீட்டிங்கில் இருக்கும் ஒரு நாள், உங்கள் அம்மாவும் என்னைப் போல ஒரு தாளைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

இந்தப் பதிவை லினக்ஸில், தமிழ்99இல், நானே அடித்தேன். நான்கு நாள் ஆயிற்று. பிழை இருந்தால் எண்ணிச் சொல்லுங்கள், அரை மார்க் வீதம் குறைத்துக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. என்னுடைய பிரிண்டரில் பிரிண்ட் வருகிறது, ஆனால் அதே மெஷினில் இருக்கும் ஸ்கேனரை லினக்ஸ் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது. தெரிந்தவர்கள் எப்படிச் செய்வது என்று கீழே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாக இருந்தாலும் வரலாம், பணியாரம் சுடுகிறேன். நாற்காலி மட்டும் கிடைக்காது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்